சலவைக்கூடத்து இடதும் வலதும்

ஆவியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை மட்டும் வாக்குச்சீட்டில் அச்சடித்திருந்தால் அவளுக்கு அவள் வீட்டுக்காரர் ஓட்டு ஒன்றுதான் விழுந்திருக்கும். அதுவும் சந்தேகம்தான். ஊருக்கெல்லாம் அவள் ஆவியக்கா. நகராட்சி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நிற்பவள். ஈரப் போர்வை சூடான உருளைக்குள் நுழைந்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அந்த ஆவிக்குள்ளிருந்து முதலில் குரல் வரும், பிறகுதான் ஆள் தெரிவாள். "ஏய், மூலையை இழு! இழுன்னா தடவிக்கிட்டு நிக்கறே?"

ஆள் குள்ளம். முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள். வாய் மட்டும் தழும்பே படாமல் தப்பித்துவிட்டது. ஒருமுறை பெரிய டாக்டர் தன் வெள்ளைக் கோட்டோடு நேரே சலவைக்கூடத்துக்குள் வந்து, கறை போகவில்லை என்று எல்லோர் முன்னாலும் குதித்தார். அக்கா கோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது நோயாளியோட கறை இல்ல டாக்டர், உங்க பேனாவோட கறை. மூடியைப் போட்டுப் பாக்கெட்ல வைங்க. நாங்க துவைக்கத்தான் முடியும், மூடி போட முடியாது." அதற்குப் பிறகு அவர் கோட்டு ஆள் மூலமாகத்தான் வந்தது.

அவளைக் கட்சிக்குள் கொண்டுவந்தது பிழியும் இயந்திரம். ஒரு பெண்ணின் இரண்டு விரல்களை அது கடித்துக்கொண்டது. கவனக்குறைவு என்று சொல்லி நிர்வாகம் கையைக் கழுவியது. இயந்திரத்துக்கு மூடி போடும்வரை ஒரு துணியும் நனையாது என்று அக்கா வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். அப்போது அவர்களோடு வந்து உட்கார்ந்த ஒரே ஆண்பிள்ளை ஆம்புலன்ஸ் ஓட்டுநர். போலீஸ்காரன் தடியை ஓங்கியபோது குறுக்கே விழுந்து தோள்பட்டையில் வாங்கிக்கொண்டார். மூடி வந்தது. 'இடது' என்ற வார்த்தையை அக்கா முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். அடிபட்ட தோளைத் தடவிக்கொண்டே, "நாம இடது. அவங்க வலது. அவ்வளவுதான் உலகம்" என்றார். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிட்டாள். கட்சி ஆபீஸ் அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி ஆயிற்று.

நிஜமான பிறந்த வீட்டில் மிச்சமிருந்தது ஒரு தங்கச்சி. அவளும் அதே சலவைக்கூடம்தான். ஆனால் அவள் புருஷன் வலதுசாரிக் கட்சியில் சுவரொட்டி ஒட்டுகிறவன். அவன் எங்கே வேண்டுமானாலும் ஒட்டியிருக்கலாம். ஒரு தேர்தலில், வேண்டுமென்றே, அக்கா வீட்டுக் கதவிலேயே கொண்டுவந்து ஒட்டினான். தங்கச்சி தடுக்கவில்லை. அக்கா கதவைச் சுரண்டிக்கொண்டே பேசிய பேச்சு தெருவுக்கே கேட்டது. அன்றோடு பேச்சு நின்றது. கொடுமை என்னவென்றால், ஆஸ்பத்திரிப் போர்வையை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். உருளைக்கு இந்தப் பக்கம் மடிக்கிற ஜோடி இவர்கள் இருவரும்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஆயிரக்கணக்கான போர்வைகளை மடித்திருக்கிறார்கள். கை முட்டும் அளவுக்குக் கிட்டே வருவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகுவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

காலம் போனது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நகர்மன்றத் தலைவர் ஆனார். அக்காவும் உறுப்பினர் ஆனாள். உறுப்பினர் ஆன பிறகும் காலை ஷிப்டை விடவில்லை. மன்றக் கூட்டத்துக்கு வரும்போது கையில் சோப்பு வாசனை அடிக்கும். இடதுசாரிகளுக்கு மன்றத்தில் ஒரே ஒரு ஆள்தான் பெரும்பான்மை. அந்த ஒரே ஆளும் ஒரு சுயேச்சை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாய் விரித்து வைத்திருப்பவன்.

இப்படி இருக்கையில்தான், சலவைக்கூடத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரித் துணியையெல்லாம் வெளிக் குத்தகைக்காரருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அக்கா காதில் விழுந்தது. சோப்பு நுரை காயாத கையோடு தலைவர் அறைக்குப் போனாள்.

"உக்காரு ஆவி. டீ சொல்லட்டா?"

"டீ கெடக்குது. சலவைக்கூடத்தை மூடறோம்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான். வதந்திதானே அண்ணே?"

தலைவர் வதந்தி என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொதிகலன் பழசு ஆவி. எப்ப வெடிக்குமோன்னு எனக்குத் தூக்கமில்ல. சுயேச்சையோட மச்சான் பக்கத்து ஊர்ல பெரிய மெஷின் போட்டிருக்கான். அவனுக்குக் குடுக்கலைன்னா சுயேச்சை அந்தப் பக்கம் தாவிடுவான். தாவினா நம்ம ஆட்சி காலி. மருந்துக்கடைக்காரன் இந்த நாற்காலியில வந்து உக்காந்துடுவான். வலது வந்துடும். வலது வரணுமா, சொல்லு?"

"வந்தா என்ன பண்ணுவான்?"

"முதல் வேலையா சலவைக்கூடத்தை மூடி வெளியாளுக்குக் குடுப்பான்."

அக்கா அவரையே பார்த்தாள். "அப்போ அவன் பண்ணப் போறதை நாமளே பண்ணிட்டா, அவன் பண்ண வரமாட்டான். இதானே?"

"கிண்டல் பண்ணாதே. இது அரசியல்."

"கிண்டல் நான் பண்ணலண்ணே. அந்தப் பொம்பளைங்க எங்க போவாங்க?"

"கொஞ்சம் பேரை அவன் எடுத்துக்குவான். நான் சொல்லி வைக்கறேன்." சொல்லும்போது அவர் கை, பழக்கதோஷமாக, அடிபட்ட தோளைத் தடவியது. இவர் கெட்டவராக மாறியிருந்தால் அக்கா திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவர் நிஜமாகவே தான் இடது பக்கத்தைக் காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டிருந்தார். டீ வந்தது. அவள் குடிக்காமல் எழுந்து போனாள்.

மருந்துக்கடைக்காரர்தான் வலதுசாரிகளின் தலைவர். வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போன அக்காவை, கல்லாவை விட்டு இறங்கி வந்து வரவேற்றார். என்றைக்கும் இல்லாத மரியாதை.

"தைரியமா எதிர்த்து ஓட்டுப் போடுங்கக்கா. நாங்க மொத்தப் பேரும் உங்க பின்னாடி நிக்கறோம்."

"நீங்க ஆட்சியில இருந்தப்போ இதே தீர்மானத்தை நீங்கதானே கொண்டுவந்தீங்க? உங்க கடை வாசல்லதான் நாங்க படுத்துக் கெடந்தோம். தண்ணி கேட்டதுக்கு ஷட்டரை இறக்கினீங்க."

"அது வேறக்கா. அப்போ நாங்க கொண்டுவந்தது வலதுசாரிச் சீர்திருத்தம். இப்போ இவங்க கொண்டுவர்றது இடதுசாரி ஊழல்."

"ரெண்டும் ஒரே தீர்மானம்தானே?"

"எழுத்து ஒண்ணுதான். கொண்டுவர்ற ஆள் வேறல்ல?" என்றார் அவர், ஒளிவுமறைவே இல்லாமல். அவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமே தெரியவில்லை. அக்கா மாத்திரையை வாங்கிக்கொண்டு, "என் பின்னாடி நிக்க வேணாம், எனக்குக் கூச்சமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அக்கா முறுக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்ததும் கட்சி ஆபீசில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் வக்கீல், இன்னொரு பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியார், அவரும் மன்ற உறுப்பினர். வக்கீல்தான் ஆரம்பித்தார்.

"தோழர், ஒரே கேள்வி. நீங்க இடதா, வலதா?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன். இடதுன்னா என்ன? சொல்லுங்க. ஆனா ஒண்ணு, யார் பேரையும் இழுக்கக் கூடாது. மருந்துக்கடைக்காரன், சுயேச்சை, நம்ம கட்சி, அவங்க கட்சி, ஒண்ணும் வரக்கூடாது. இடதுன்னா என்னன்னு மட்டும் சொல்லுங்க."

வக்கீல் சிரித்தார். இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல் தொண்டையைச் செருமினார். "உழைக்கறவங்க பக்கம் நிக்கறது இடது."

"உருளைக்குப் பக்கத்துல நிக்கறவங்க உழைக்கறவங்களா இல்லையா?"

"அவங்க... தோழர், அது உள்ளூர்ப் பிரச்சினை. நான் சொல்றது கொள்கை."

வாத்தியார் குறுக்கே வந்தார். "அப்படிச் சொல்லக்கூடாது வக்கீல் சார். மாற்றம் வேணும்கறவன் இடது. இருக்கறது இருந்தபடியே இருக்கட்டும்கறவன் வலது."

"அப்போ மூடணும்னு சொல்ற அண்ணன் இடது, மூடாதேன்னு சொல்ற நான் வலதா வாத்தியாரே?"

தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. மேசையைத் தட்டினார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு இழுவை? வலது எதைச் செய்யறானோ அதுக்கு நேரெதிர் இடது. தீர்ந்தது!"

"அவங்க பேரைச் சொல்லிட்டீங்கண்ணே."

"சரி, நீ சொல்லேன் பாப்போம்!" என்று கத்தினார் தலைவர். "இத்தனை வருஷம் கொடி பிடிச்சியே. யார் பேரையும் சொல்லாம நீ சொல்லு."

அக்கா சொல்லத்தான் வாயெடுத்தாள். நாக்கு நுனிக்கு முதலில் வந்து நின்றது எது தெரியுமா? மருந்துக்கடைக்காரனின் இறக்கிய ஷட்டர். அதற்கு அடுத்து கதவில் ஒட்டிய சுவரொட்டி, அதைத் தடுக்காத தங்கச்சியின் முகம். பெயர் சொல்லாமல் சொல்ல அவளிடமும் ஒன்றும் இல்லை. அடச்சீ, நானும் இவர்களும் ஒரே குட்டைதானா என்று அவளுக்குக் காது மடலெல்லாம் சூடேறியது. அந்த வெட்கத்தை அவள் மறைக்கவில்லை.

"எனக்கும் தெரியலண்ணே," என்றாள். "இத்தனை நாளும் எவன் எனக்குப் பிடிக்காதவனோ அவன் வலதுன்னு வச்சிருந்திருக்கேன். கூடப் பொறந்தவளையே அந்தக் கணக்குல தள்ளி வச்சிட்டேன். ஆனா சலவைக்கூடம் மூடக்கூடாதுங்கறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கு நீங்க என்ன பேர் வேணா வச்சுக்கங்க."

"கட்சி முடிவுக்கு எதிரா கை தூக்கினா நீ வெளியே," என்றார் தலைவர்.

"தெரியும்."

வாக்கெடுப்பு அன்று மன்றத்தில் கூட்டம் பிதுங்கியது. தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஆதரிப்பவர்கள் என்றதும் அவர் பக்கத்துக் கைகள் எழுந்தன. சுயேச்சை கை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போனது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பவர்கள் என்றதும் வலதுசாரிகள் மொத்தமாகத் தூக்கினார்கள். அக்காவும் தூக்கினாள். ஒற்றை ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் மண்ணைக் கவ்வியது.

மருந்துக்கடைக்காரர் ஆட்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். யாரோ ஒருவன், "எங்கள் சகோதரி வாழ்க!" என்றான். அக்கா விருட்டென்று எழுந்தாள்.

"யாருடா உனக்குச் சகோதரி? நிறுத்துங்க தட்டறதை! நான் உங்ககூட கை தூக்கல. நீங்கதான் என்கூட தூக்கினீங்க, அதுவும் இன்னிக்கு மட்டும்."

தட்டல் பாதியில் நின்றது. தலைவர் அவள் பக்கம் திரும்பாமல் எழுந்து போனார்.

கட்சியிலிருந்து நீக்கம் என்ற செய்தியைச் சொல்ல வாத்தியாரை அனுப்பினார்கள். அவர் வாசலில் நின்று செருப்பை மாற்றி மாற்றி மிதித்தார். சுயேச்சை எங்கும் தாவவில்லை, மருந்துக்கடைக்காரர் ஒரு பதவியும் தரமாட்டேன் என்றதால் தலைவர் பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கிறான், ஆட்சி கவிழவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க செஞ்சதுல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான்."

"உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க வாத்தியாரே, அடை காக்கறீங்களா? வெளியே எடுங்க!"

வாத்தியார் எடுக்கவில்லை. போய்விட்டார். அன்று அக்கா அழுதாள். ஆமாம், அழுதாள், அதை ஏன் மறைக்க வேண்டும்? அத்தனை வருஷத்து வீடு அது. வீட்டுக்காரர், "விடு, ஷிப்டு முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா, நிம்மதியா இரு" என்றார். "நிம்மதியா இருக்கறதுக்கா ஓட்டுப் போட்டாங்க?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு சீறினாள். பாவம் மனுஷன், ஆறுதல் சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவளே ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். சலவைக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தினக்கூலிக்கு நிற்கிற பெண்களை நிரந்தரமாக்க வேண்டும், இனி எவன் வந்தாலும் ஒரே ராத்திரியில் அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாதபடி. அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் அவள் தங்கச்சியும் உண்டு. புருஷன் வழியில் வலதுசாரித் தொழிற்சங்கத்தில் இருந்ததால் அவளை நிரந்தரமாக்க அக்காவின் கட்சி இத்தனை நாள் பேசியதே இல்லை. அக்காவும் பேசவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் மருந்துக்கடைக்காரரைத் தாழ்வாரத்தில் மறித்துக் கேட்டாள். "என்னக்கா, இது சுத்த இடதுசாரித் தீர்மானம்! நாங்க எப்படித் தொடறது?" என்றார். தலைவரைக் கேட்டாள். அவர் நின்றார், ஆனால் சுவரைப் பார்த்துப் பேசினார். "வலதோட சேர்ந்து எங்களைத் தோக்கடிச்ச ஆள் கொண்டுவர்ற தீர்மானம். அதை ஆதரிச்சா வலதை ஆதரிச்ச மாதிரி."

"அண்ணே, அவங்க இது இடதுங்கறாங்க. நீங்க வலதுங்கறீங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தராவது படிச்சீங்களா?"

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள்.

பார்வையாளர் பெஞ்சில் சலவைக்கூடத்துப் பெண்கள் ஷிப்டு முடித்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியெல்லாம் ஆவியில் நனைந்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் தங்கச்சி. அவள் சங்கத்தில் யாரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வந்திருந்தாள். அக்காவைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்மானம் படிக்கப்பட்டது. எதிர்ப்பவர்கள் என்றார் தலைவர். இந்தப் பக்கக் கைகள் எழுந்தன. அந்தப் பக்கக் கைகளும் எழுந்தன. சுயேச்சைக்கு இரண்டு பக்கமும் ஒன்றானதில் ஏக குஷி. வாத்தியார் கை பாதி வரை எழுந்து, அங்கேயே கொஞ்சம் யோசித்து, மீதியும் எழுந்தது. இந்த மன்றம் கட்டிய நாளிலிருந்து இடதும் வலதும் ஒன்றாகக் கை தூக்கியது அன்றுதான். மருந்துக்கடைக்காரரும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

"தீர்மானம் தோற்றது. அடுத்த பொருள்," என்றார் தலைவர் அவசரமாக.

"ஆதரிக்கறவங்க யாருன்னு கேக்கலையே," என்றாள் அக்கா.

"அதான் முடிவு தெரிஞ்சுபோச்சே ஆவி. எதுக்கு?"

"முடிவு தெரிஞ்சா கேக்கக் கூடாதுன்னு சட்டமா? கேளுங்க. எண்ணுங்க."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. அக்கா எழுந்து நின்றாள். குள்ளமான உருவம், எழுந்து நின்றதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தழும்பேறிய கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். "நான் வெளியே போறவரைக்கும் இந்தக் கை இறங்காது. எண்ணிட்டு அடுத்த பொருளுக்குப் போங்க."

தலைவர் அவள் கையைப் பார்த்தார். "ஆதரிப்பவர்கள்," என்றார் மெதுவாக. "ஒன்று."

"ஏம்மா! கையை இறக்கு! பார்வையாளர் கை தூக்கக் கூடாது!"

அது வாசல் காவலாளியின் குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் தங்கச்சியின் கை எழுந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் அவளை முறைத்தார். அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்தவளும் தூக்கினாள். விரல் போனவளும் மிச்ச விரல்களோடு தூக்கினாள். காவலாளி ஒருத்தியிடம் போய் இறக்கு என்றால் அடுத்தவள் தூக்கினாள். மனுஷன் அங்குமிங்கும் ஓடி வேர்த்து விறுவிறுத்துப் போனான். ஒரு கை கூட இறங்கவில்லை. தலைவர் மணியை அடித்துக் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போனார்.

தாழ்வாரத்தில் அக்கா தங்கச்சியைப் பிடித்துவிட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, "கை வலிக்குதாடி?" என்றாள்.

தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பெருசா நினைச்சுக்காதே. நான் உனக்காகத் தூக்கல. அந்தக் காவலாளி இறக்குன்னான். எதுக்கு இறக்கணும்?"